டெபியன் மென்டர்ஸ்: பத்து மாதம், ஒரு பேக்கேஜ்

சர்வர்களைப் பார்த்துக்கொள்வதுதான் பதினொரு வருடமாக என் வேலை. டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தில் மென்பொருளை நிறுவும் 'ஆப்ட் இன்ஸ்டால்' கட்டளையை எத்தனை ஆயிரம் முறை தட்டியிருப்பேனோ தெரியாது. தட்டினால் வரும், வந்தால் ஓடும். அதற்குப் பின்னால் யாரோ ஒருவர் உட்கார்ந்து, அந்த மென்பொருளின் ஒவ்வொரு கோப்பையும் திறந்து பார்த்து, இது யாருடையது, எந்த உரிமத்தில் வந்தது, ஓடுவதற்கு எதெல்லாம் வேண்டும் என்று எழுதிவைத்திருக்கிறார் என்பது எனக்குத் தோன்றியதே இல்லை. டெபியன் 13 வெளிவந்தபோது, 2025 ஆகஸ்டில், அதில் இருந்த பேக்கேஜ்கள், அதாவது நிறுவத் தயாராக இருக்கும் மென்பொருள் பொட்டலங்கள், 69,830. அத்தனைக்கும் பின்னால் இப்படி ஆட்கள் இருக்கிறார்கள்.

நான் இதற்குள் வந்தது ஒரு சின்னக் கருவியால். இரவு பேக்கப் முடிந்ததும் இரண்டு கோப்புறைகளை செக்சம் (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் சரிபார்ப்பு எண்) வைத்து ஒப்பிட்டு, எது மாறியது, எது காணாமல் போனது என்று சொல்லும். சி மொழியில் எழுதியது, மொத்தம் 47 கோப்புகள்தான். எனக்கு அது இல்லாமல் ஓடாது. ஆனால் டெபியனில் அது இல்லை. பதினான்கு மெஷினிலும் மூலநிரலை இறக்கி, கையால் கம்பைல் செய்து (ஓடக்கூடிய வடிவமாக மாற்றி), கையால் வைக்க வேண்டும். புதுப் பதிப்பு வந்தால் பதினான்கிலும் திரும்பச் செய்ய வேண்டும். ஒருநாள் ஒரு மெஷினை மட்டும் விட்டுவிட்டேன். அதில் பழைய பதிப்பு ஓடிக்கொண்டிருந்தது மூன்று வாரம் கழித்துத்தான் தெரிந்தது. அன்றைக்கு முடிவு செய்தேன், இதை நானே பேக்கேஜ் ஆக்கிவிடுவது என்று.

முதலில் காசு கட்டி ஒரு ஆன்லைன் வகுப்பில் சேர்ந்தேன். பெயர் வேண்டாம். இரண்டு மணி நேரத்தில் டெப் கோப்பு, அதாவது டெபியனில் நிறுவும் பொட்டலக் கோப்பு, உருவாக்கச் சொல்லித்தருவதாகச் சொன்னார்கள், சொன்னபடியே உருவாக்கவும் வைத்தார்கள். ஏற்கனவே கம்பைல் ஆன கோப்பை ஒரு கோப்புறையில் போட்டு, பெயரும் பதிப்பு எண்ணும் எழுதி, ஒரே கட்டளையில் மூட்டை கட்டுவது. என் மெஷினில் அது ஓடியது. வேறு மெஷினில் வைத்ததும் அதற்குத் தேவையான ஒரு லைப்ரரி (துணை நிரல்) இல்லை என்று நின்றுவிட்டது. மூட்டை கட்டுவது வேறு, பேக்கேஜிங் வேறு என்று அந்த வகுப்பில் ஒரு வரிகூடச் சொல்லவில்லை. மூலநிரலில் தொடங்கி, எந்த மெஷினில் கட்டினாலும் அதே விளைவு வரும்படி செய்முறையை எழுதிவைப்பதுதான் பேக்கேஜிங். கட்டணம் போனதைவிட, ஒரு மாதம் தவறான திசையில் நடந்ததுதான் எனக்கு வலித்தது.

அதன் பிறகு வந்த இடம்தான் டெபியன் மென்டர்ஸ். இது என்ன என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டெபியன் களஞ்சியத்துக்குள் எதையும் நேரடியாக ஏற்றும் உரிமை டெபியன் டெவலப்பர்களுக்கு உண்டு. டெபியன் மெயின்டெய்னர் என்ற இன்னொரு நிலையில் இருப்பவர்கள் தங்களுக்கு அனுமதிக்கப்பட்ட பேக்கேஜ்களை மட்டும் ஏற்றலாம். மற்றவர்கள், அதாவது என்னைப்போல வெளியே நிற்பவர்கள், மென்டர்ஸ் தளத்தில் தங்கள் வேலையை ஏற்றி வைக்கலாம். ஒரு டெவலப்பர் எடுத்துப் பார்ப்பார், குறை சொல்வார், சரியானதும் தன் கையெழுத்தைப் போட்டு உள்ளே அனுப்புவார். அவரை ஸ்பான்சர் என்பார்கள். கட்டணம் கிடையாது. நுழைவுத் தேர்வோ சிபாரிசோ வேண்டியதில்லை. ஒரு கணக்கு, ஒரு ஜிபிஜி சாவி (மின் கையெழுத்துப் போட உதவுவது), இரண்டும் இருந்தால் போதும்.

சேவை என்ற முறையில் இதன் இயந்திரப் பகுதி எளிமையானது, நன்றாகவே ஓடுகிறது. சாவியால் கையெழுத்திட்டு 'டிபுட்' கட்டளையில் அனுப்பினால், கொஞ்ச நேரத்தில் தளம் அதைப் பிரித்துப் பார்த்து, தானியங்கிச் சோதனைகளை ஓட்டி, லின்டியன் என்ற பிழைதேடும் கருவி சொன்ன குறைகளை வரிசையாகக் காட்டும். ஸ்பான்சர் கேட்டு விண்ணப்பிக்க ஒரு மாதிரிக் கடிதத்தையும் அதுவே நிரப்பித்தரும். அவ்வளவுதான் இயந்திரம். இந்தச் சேவையின் உயிர் அதில் இல்லை. அந்தப் பக்கம் உட்கார்ந்து படிக்கும் மனிதரிடம் இருக்கிறது.

டெபியனில் ஒரு பேக்கேஜ் என்றால் மூலநிரலோடு சேர்ந்த 'டெபியன்' என்ற ஒரு கோப்புறை. அதற்குள் 'கன்ட்ரோல்' என்ற கோப்பு: பெயர், விவரம், கட்டுவதற்கு எதெல்லாம் வேண்டும், ஓடுவதற்கு எதெல்லாம் வேண்டும். 'ரூல்ஸ்' என்ற கோப்பு: எப்படிக் கட்டுவது. இப்போது வழக்கமான படிகளைத் தானே செய்யும் டெப்ஹெல்பர் கருவி வந்த பிறகு இது பெரும்பாலும் மூன்றே வரி. 'சேஞ்ச்லாக்': என்ன மாறியது, யார் மாற்றினார். 'காப்பிரைட்': எந்தக் கோப்பு யாருடையது. 'வாட்ச்': புதுப் பதிப்பு வந்திருக்கிறதா என்று எங்கே போய்ப் பார்ப்பது. பட்டியலாகப் பார்த்தால் ஒரு சாயங்காலத்து வேலை போலத் தெரியும்.

சேஞ்ச்லாக் கோப்பின் கடைசி வரியை மட்டும் பக்கத்தில் போய்ப் பாருங்கள். வரி தொடக்கத்தில் ஒரே ஒரு இடைவெளி. பிறகு இரண்டு சிறு கோடு. ஒரு இடைவெளி விட்டுப் பெயர், மின்னஞ்சல். அதற்குப் பின் சரியாக இரண்டு இடைவெளி, பிறகு தேதி. நான் கையால் தட்டினேன், தேதிக்கு முன் ஒரே இடைவெளி விட்டேன். கடைசி வரியின் வடிவம் சரியில்லை என்று எச்சரிக்கை வந்தது. அந்த வரியை நாற்பது முறையாவது பார்த்திருப்பேன், எனக்கு எல்லாம் சரியாகவே தெரிந்தது. பிறகு வேறொரு பேக்கேஜின் வரியைப் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாக ஒப்பிட்ட பிறகுதான் அந்த ஒரு இடைவெளி கண்ணில் பட்டது. இதற்கென்றே 'டிசிஹெச்' என்ற கட்டளை இருக்கிறது, அது தானாகவே சரியாக எழுதும். புதிதாக வருபவர்கள் முதல் நாளிலிருந்தே அதைப் பயன்படுத்துங்கள். ரூல்ஸ் கோப்பிலும் இதே மாதிரி ஒன்று உண்டு: அது 'மேக்' என்ற கருவி படிக்கும் கட்டுமானக் கோப்பு (மேக்ஃபைல்), ஆகவே உள்தள்ளலுக்கு டேப்தான் இருக்க வேண்டும், எட்டு இடைவெளி போட்டால் ஏற்காது.

எனக்குத் தெரிந்த அளவில் எல்லாம் முடித்து, என் மெஷினில் கட்டிப் பார்த்து, ஏற்றினேன். ஸ்பான்சர் வேண்டும் என்று விண்ணப்பித்தேன். இங்கே ஒன்று சொல்ல வேண்டும். ஸ்பான்சர்கள் எல்லோருமே தன்னார்வலர்கள். இத்தனை நாளில் பதில் வரும் என்று யாரும் வாக்குக் கொடுப்பதில்லை, அந்தச் சேவையே அப்படிச் சொல்லிக்கொள்வதும் இல்லை. அது தெரிந்து வருவது நல்லது. நான் காத்திருந்த நாட்களில் மற்றவர்களின் விண்ணப்பங்களுக்கு வந்த பதில்களைப் படித்தேன். எல்லாம் பொதுவில் இருக்கிறது, யாரும் படிக்கலாம். ஒருவருக்குச் சொன்ன குறையில் பாதி என் பேக்கேஜிலும் இருந்தது. திருத்தித் திருத்தி மறுபடி ஏற்றினேன். காத்திருப்பு என்று நான் நினைத்த அந்தக் காலம்தான் பாடத்தின் முதல் பாகம்.

பதில் வந்தது. எழுதியவர், என் பேக்கேஜை விமர்சிக்க எடுத்த ஒரு டெவலப்பர்; மரியாதையான, சுருக்கமான ஆங்கிலம். வாழ்த்தோ பாராட்டோ இல்லை. பதினோரு குறிப்புகள். முதல் குறிப்பு: இதைச் சுத்தமான சூழலில் கட்டிப் பார்த்தீர்களா?

பார்க்கவில்லை. என் மெஷினில் பதினொரு வருடமாகச் சேர்ந்த எல்லாம் இருக்கிறது. 'எஸ்பில்ட்' என்ற கருவி ஒவ்வொரு முறையும் வெறும் அடிப்படை அமைப்பு மட்டும் உள்ள புது இடத்தை உருவாக்கி, கன்ட்ரோல் கோப்பில் நீங்கள் எழுதியதை மட்டும் நிறுவி, அதில் கட்டும். ஓட்டினேன். இருபதாவது நொடியில் நின்றது. லைப்ரரிகள் எங்கே இருக்கின்றன என்று சொல்லும் 'பிகேஜி கான்ஃபிக்' என்ற கருவி இல்லை என்றது. என் மெஷினில் அது எப்போதோ வேறு எதற்கோ வந்து உட்கார்ந்திருந்தது, ஆகவே எனக்கு அது தேவை என்பதே தெரியவில்லை. அந்தக் கட்டண வகுப்பில் செய்த மூட்டை ஏன் இன்னொரு மெஷினில் ஓடவில்லை என்பதன் விடையும் அதே இடத்தில் கிடைத்தது. ஒரு மென்பொருளுக்கு எதெல்லாம் வேண்டும் என்று முழுக்கச் சொல்லிவைப்பதுதான் இந்த வேலையின் பாதி. நம் மெஷினில் ஓடுகிறது என்பது அதற்குச் சாட்சி ஆகாது.

இரண்டாவது குறிப்புதான் என்னை மூன்று வாரம் உட்கார வைத்தது. காப்பிரைட் கோப்பில் நான் எழுதியிருந்தது ஐந்து வரி: எல்லாக் கோப்புகளும் இன்னாருடையது, ஜிபிஎல் என்ற கட்டற்ற உரிமத்தின் பதிப்பு 2. மூலநிரலோடு வந்த உரிமக் கோப்பில் அப்படித்தான் இருந்தது. விமர்சகர் கேட்டார்: செக்சம் கணக்கிடும் கோப்பின் தலைப்பில் வேறொருவர் பெயர் இருக்கிறதே, பார்த்தீர்களா?

திறந்தேன். 47 கோப்புகளையும் திறந்தேன். 'லைசென்ஸ்செக்' என்ற கருவி ஒரு முதல் பட்டியல் தரும், ஆனால் கடைசியில் கண்ணால்தான் படிக்க வேண்டும். செக்சம் கோப்பு இன்னொருவர் எழுதியது, பிஎஸ்டி என்ற இன்னொரு கட்டற்ற உரிமம். அது பிரச்சனை இல்லை, அவர் பெயரையும் உரிமத்தையும் எழுதிவிட்டால் போதும். ஆவணக் கோப்புறைக்குள் ஒரு ஜாவாஸ்கிரிப்ட் கோப்பு இருந்தது, எல்லாம் ஒரே வரியாக நசுக்கப்பட்டது. மனிதர் படித்துத் திருத்தக்கூடிய மூல வடிவம் அதோடு இல்லை. டெபியனின் கணக்கில் அது மூலநிரல் அல்ல, கம்பைல் ஆன கோப்பு மாதிரிதான். அதை நீக்கி, மூலப் பொட்டலத்தை மறுபடி கட்டி, பதிப்பு எண்ணுக்குப் பின்னால் 'டிஎஃப்எஸ்ஜி' என்று சேர்க்க வேண்டும், இதில் கைவைத்திருக்கிறோம் என்று யார் பார்த்தாலும் தெரியும்படி. அதுவும் முடிந்தது. மூன்றாவதாக ஒரு கோப்பு. அறுபது வரிதான் இருக்கும், தேதியைப் படிக்கும் ஒரு சின்னச் செயற்கூறு. தலைப்பில் ஒரு பெயர் மட்டும். உரிமம் என்று எதுவுமே இல்லை.

உரிமம் எழுதாத நிரல் பொதுச்சொத்து என்று நான் நினைத்திருந்தேன். பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். உண்மை நேர் எதிர்: உரிமம் தராவிட்டால் எல்லா உரிமையும் எழுதியவரிடமே இருக்கிறது, அதை விநியோகிக்க யாருக்கும் அனுமதி இல்லை. 1997-ல் டெபியன் தன் சமூக ஒப்பந்தத்தையும் கட்டற்ற மென்பொருளுக்கான வழிகாட்டு நெறிகளையும் (மேலே சொன்ன டிஎஃப்எஸ்ஜி இதன் சுருக்கம்) ஏற்றுக்கொண்டது. அடுத்த ஆண்டு ஓபன் சோர்ஸ் என்பதற்கான வரையறையே அந்த நெறிகளிலிருந்துதான் எடுக்கப்பட்டது. அந்த நெறிகளுக்கு முன்னால் என் அறுபது வரி நின்றது.

மூல ஆசிரியருக்கு எழுதினேன். அப்ஸ்ட்ரீம் என்பார்கள், மென்பொருளை எழுதும் அந்தப் பக்கத்து ஆளை. அவருக்கே அந்தக் கோப்பு எங்கிருந்து வந்தது என்று நினைவில்லை. தேடிப் பார்த்துவிட்டு, எழுதியவரைக் கண்டுபிடிக்க முடியவில்லை, அதைத் தூக்கிவிட்டு நானே புதிதாக எழுதுகிறேன் என்றார். எழுதினார். அடுத்த பதிப்பு அந்தக் கோப்பு இல்லாமல் வந்தது. எத்தனையோ வருடமாக அந்தக் கருவியை உலகில் எத்தனையோ பேர் பயன்படுத்தியிருக்கிறோம். அதைக் கேட்டவர் அந்த விமர்சகர் ஒருவர்தான். அவருக்கு அந்தக் கருவியே தேவையில்லை. முன்பின் தெரியாத ஒருத்தி அனுப்பிய பேக்கேஜுக்காகத் தன் சாயங்காலத்தைச் செலவழித்து 47 கோப்புகளைத் திறந்திருக்கிறார். இந்தச் சேவையைப் பற்றி எனக்கு இருக்கும் மதிப்பில் பெரும்பகுதி அந்த ஒரு கேள்வியிலிருந்து வந்தது.

ஆறாவது குறிப்பு இன்னொரு விதத்தில் உலுக்கியது. கட்டும்போது கம்பைலர் ஒரு எச்சரிக்கை தந்துகொண்டிருந்தது, மதிப்பு கொடுக்காத ஒரு மாறியைப் பயன்படுத்துகிறாய் என்று. எனக்கு அது தொந்தரவாக இருந்தது. அந்த வரியை எடுத்துவிட்டு ஒரு பேட்ச் (மூலநிரலில் செய்யும் மாற்றம்) போட்டிருந்தேன். எச்சரிக்கை போய்விட்டது, சோதனைகள் ஓடின, சரி என்று விட்டுவிட்டேன். விமர்சகர் கேட்டது இவ்வளவுதான்: இந்த பேட்ச்சை அப்ஸ்ட்ரீமுக்கு அனுப்பினீர்களா, அவர் என்ன சொன்னார்? கூடவே, 2008-ல் நடந்ததைப் படித்துப் பாருங்கள் என்று ஒரு வரி.

படித்தேன். 2006-ல் டெபியனின் ஓபன்எஸ்எஸ்எல் என்ற மறையாக்கப் பேக்கேஜில், மதிப்பு கொடுக்காத நினைவகத்தைப் பயன்படுத்துவதாக ஒரு சோதனைக் கருவி எச்சரிக்கிறது என்பதற்காக இரண்டு வரியை எடுத்துவிட்டார்கள். அதில் ஒன்று, ரகசியச் சாவி உருவாக்கத் தேவையான எதேச்சைத்தன்மையை உள்ளே சேர்க்கும் வரி. அது போன பிறகு சாவியில் எதேச்சையாக மிஞ்சியது, நிரல் ஓடும்போது கிடைக்கும் பிராசஸ் எண் மட்டும். அது 32,768-க்குள் அடங்கிவிடும். அதாவது, யாராலும் ஊகிக்க முடியாது என்று நம்பி உருவாக்கிய சாவிகளை ஒரு பட்டியல் போட்டே கண்டுபிடித்துவிடலாம். இரண்டு வருடம் அப்படியே ஓடி, 2008 மே 13 அன்றுதான் அறிவிக்கப்பட்டது. அந்த மாற்றம் மூலத்திட்டத்துக்குள் போகவே இல்லை; டெபியனிலும் உபுண்டு போல அதிலிருந்து கிளைத்தவற்றிலும் மட்டுமே இருந்தது. உலகம் முழுக்க சர்வர் சாவிகளைத் தூக்கிப்போட்டுப் புதிதாக உருவாக்க வேண்டி வந்தது.

இதை நான் முன்பே கேள்விப்பட்டிருந்தேன், சர்வர் பார்க்கிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்த கதைதான். ஆனால் அதே காரணத்துக்காக அதே மாதிரி வரியை எடுத்த பேட்ச் என் கையில் திறந்திருக்கும்போது படிப்பது வேறு. என் கருவி யாருடைய சாவியையும் உருவாக்குவதில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எது முக்கியம், எது முக்கியமில்லை என்று தீர்மானிக்க அந்த நிரலை எழுதியவர் நான் இல்லையே. பேட்ச்சை எடுத்துவிட்டேன். எச்சரிக்கையை அப்படியே அப்ஸ்ட்ரீமுக்கு அனுப்பினேன். அவர் பார்த்துவிட்டு, அது உண்மையிலேயே வழு என்றார்: காலிக் கோப்புறை வந்தால் அந்த மாறிக்கு மதிப்பே கிடைக்காது. வரியை எடுப்பது திருத்தம் இல்லை, மேலே ஒரு இடத்தில் தொடக்க மதிப்பு கொடுப்பதுதான் திருத்தம். இப்போது நான் போடும் எந்த பேட்ச்சின் தலைப்பிலும், என்ன மாற்றம், ஏன், அப்ஸ்ட்ரீமுக்கு அனுப்பியாயிற்றா என்ற மூன்றும் இருக்கும். அதற்கென்று டெபியனில் வகுத்த வடிவமே இருக்கிறது. முன்பு அதைச் சம்பிரதாயம் என்று நினைத்திருந்தேன்.

மற்றக் குறிப்புகள் சின்னவை. விவரத்தின் முதல் வரியை 'ஒரு' என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லில் தொடங்காதே. கையேட்டுப் பக்கம் இல்லை, எழுது. வாட்ச் கோப்பில் கையெழுத்துச் சரிபார்ப்பைச் சேர். வெளியீட்டுப் பொட்டலத்தை, மூலநிரலின் மாற்ற வரலாறு இருக்கும் கிட் களஞ்சியத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தாயா என்று ஒரு கேள்வி. இந்தக் கடைசிக் கேள்வி 2024-க்குப் பிறகு எல்லோரும் கேட்பது. அந்த வருடம் மார்ச் மாதம் எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்கும் கருவியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் ஒளித்துவைத்த பின்கதவு, கிட்டில் இல்லாத ஒரு கோப்பின் மூலம்தான் வெளியீட்டுப் பொட்டலத்தில் உயிர்பெற்றது. ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்பவர், சர்வருக்குள் நுழைய அரை நொடி அதிகம் ஆகிறதே என்று விடாமல் துருவியதால்தான் அது அகப்பட்டது. டெபியனின் ஸ்டேபிள் (அதிகாரபூர்வமாக வெளியிட்ட நிலையான) பதிப்புக்குள் போவதற்கு முன்பே பிடித்துவிட்டார்கள். ஆனால் சோதனைப் பதிப்புகளுக்குள் வந்துவிட்டிருந்தது.

நான்காவது முறை ஏற்றியபோது, சரி என்று ஒரே சொல்லில் பதில் வந்தது. அவர் கையெழுத்தோடு உள்ளே போனது.

உள்ளே என்றால் நேராக இல்லை. புதுப் பேக்கேஜ்கள் 'நியூ' என்ற வரிசையில் நிற்கும். அங்கே வேறொரு குழு உரிமங்களை மறுபடி பார்க்கும். அந்த மூன்று வாரம் 47 கோப்புகளைப் படித்திருந்ததால் எனக்கு அங்கிருந்து ஒரு கேள்விகூட வரவில்லை. அதைத் தாண்டியதும் 'சிட்' என்கிற அன்ஸ்டேபிள் (புதியவை முதலில் வரும்) கிளைக்குள் நுழைந்தது. இங்கே புதிதாக வருபவர்கள் குழம்பும் ஒன்று உண்டு. நியூ வரிசைக்கு கம்பைல் செய்த கோப்பையும் சேர்த்து அனுப்ப வேண்டும். ஆனால் தனிமனிதர் மெஷினில் கட்டிய கோப்பு, அடுத்த ஸ்டேபிள் பதிப்பு உருவாகும் 'டெஸ்டிங்' கிளைக்குப் போகாது. டெபியனின் சொந்தக் கட்டுமான மெஷின்களில் கட்டியதுதான் போகும். ஆகவே ஒரு மாற்றமும் இல்லாமல் அடுத்த எண் போட்டு, மூலநிரலை மட்டும் இன்னொரு முறை அனுப்ப வேண்டும். இது எங்கோ எழுதித்தான் இருக்கிறது. ஆனால் முதல் பேக்கேஜ் உள்ளே போன சந்தோஷத்தில் இருப்பவருக்கு எதிரே பெரிய எழுத்தில் இருந்தால் நன்றாக இருக்கும்.

அந்த இரண்டாவது ஏற்றத்தில்தான் நான் எதிர்பார்க்காதது நடந்தது. கட்டுமான மெஷின்கள் பல வகைச் சிப்புகளுக்காக ஒரே நேரத்தில் கட்டுகின்றன: நம் வழக்கமான 64 பிட், ஆர்ம், டெபியன் 13-ல் புதிதாக அதிகாரபூர்வமாக வந்த ரிஸ்க்-5, பிறகு ஐபிஎம்மின் பெரிய மெயின்ஃப்ரேம்களுக்கான எஸ்390எக்ஸ். எல்லாம் பச்சை, அது மட்டும் சிவப்பு. பதிவைத் திறந்தால், நான் சேர்த்த சோதனை தோற்றிருக்கிறது: கருவி எழுதும் அட்டவணைக் கோப்பின் மாதிரியைத் திறக்க முடியவில்லையாம். காரணம் பைட் வரிசை. நாம் பயன்படுத்தும் பெரும்பாலான மெஷின்கள் ஒரு எண்ணின் சிறிய பைட்டை முதலில் எழுதும்; எஸ்390எக்ஸ் பெரிய பைட்டை முதலில் எழுதும். அந்தக் கருவி நான்கு பைட் எண் ஒன்றை, எந்த வரிசை என்று நிர்ணயிக்காமல், மெஷின் இஷ்டப்படி கோப்பில் எழுதிக்கொண்டிருந்தது. வீட்டில் மெயின்ஃப்ரேம் யாரிடமும் இல்லை. ஆனாலும் வழு வழுதான். இரண்டு வகை மெஷினுக்கு இடையே அந்த அட்டவணையைக் கொண்டுபோனால் குப்பையாகத்தான் படிக்கும். க்யூஎமு என்ற மென்பொருளில் அந்தச் சிப்பைப் போலி செய்து ஓட்டி, அப்ஸ்ட்ரீமோடு சேர்ந்து திருத்தினோம். ஆறு வரி. அதற்கு அடுத்த ஏற்றத்தில் எல்லாமே பச்சை. ஐந்து நாள் யாரும் பெரிய வழு சொல்லாததால் டெஸ்டிங்குக்குள் போனது.

இனி, சேர நினைப்பவர்களுக்கு என் மதிப்பீடு.

விமர்சனத்தின் தரம்: இதைவிட நல்லதை நான் எங்கும் பார்த்ததில்லை. காசு கொடுத்தும் கிடைக்காது. ஆவணங்கள்: ஏராளம், ஆனால் சிதறிக் கிடக்கின்றன. ஒரே விஷயத்துக்கு வெவ்வேறு காலத்தில் எழுதிய வழிகாட்டிகள் பல உண்டு. ரூல்ஸ் கோப்பு இருபது முப்பது வரி நீளமாக, ஒவ்வொரு படியும் தனித்தனியாக எழுதியிருந்தால் அது பழைய காலத்துப் பாடம், மூடிவிடுங்கள். டெப்ஹெல்பர் 13-வது ஒத்திசைவு நிலையைச் சொல்லும் பாடத்திலிருந்து தொடங்குங்கள். எதிலாவது சந்தேகம் வந்தால் டெபியன் பாலிசி கையேடுதான் முடிந்த முடிவு. அது கனமான வாசிப்பு, ஆனால் ஒவ்வொரு விதியும் எங்கோ ஏதோ உடைந்ததால் எழுதியது என்று தெரிந்து படித்தால் சலிப்பதில்லை.

வேகம் வேண்டும் என்பவர்களுக்கு இது சரிவராது. அடுத்த வாரம் ஆபீஸில் ஒரு டெப் கோப்பு வேண்டும் என்றால் இங்கே வராதீர்கள். உள்ளுக்குள் பயன்படுத்த வேறு எளிய வழிகள் உண்டு, அதில் தவறும் இல்லை.

நான் செய்ததில் ஒன்றை மட்டும் நீங்கள் செய்ய வேண்டாம். புதுப் பேக்கேஜோடு தொடங்காதீர்கள். முதல் வேலையே அதுவானால் உரிமம், கட்டுமானம், நியூ வரிசை எல்லாம் ஒரே நேரத்தில் தலையில் விழும். 'ஹௌ கேன் ஐ ஹெல்ப்' என்று ஒரு பேக்கேஜ் இருக்கிறது. நிறுவினால், உங்கள் மெஷினில் ஏற்கனவே ஓடும் எந்தெந்த பேக்கேஜுக்கு ஆள் இல்லை, எதை யார் கைவிட்டிருக்கிறார்கள், புதியவர்கள் எடுக்கக்கூடிய வழு எது என்று சொல்லும். நீங்கள் தினமும் பயன்படுத்தும் ஒன்று அந்தப் பட்டியலில் நிச்சயம் இருக்கும். அதன் மூலத்தை இறக்கி, ஒரு சின்ன வழுவைத் திருத்தி, அந்தத் திருத்தத்தை அனுப்புங்கள். யாரோ இருபது வருடமாகப் பார்த்துவந்த பேக்கேஜின் சேஞ்ச்லாக்கைக் கீழிருந்து மேலாகப் படிப்பது எந்தப் பாடத்தைவிடவும் அதிகம் சொல்லித்தரும். பைதான், பெர்ல் போன்ற மொழிகளுக்குத் தனிக் குழுக்கள் சால்சா என்ற டெபியனின் நிரல் தளத்தில் வேலை செய்கின்றன. உங்கள் ஆர்வம் அதில் ஒன்றோடு பொருந்தினால் அந்தக் குழு வழியாகப் போவது இன்னும் எளிது, உங்கள் வேலையைப் பார்க்க ஆள் கிடைக்கும்.

இன்னொரு விஷயம். எல்லாமே ஆங்கிலத்தில்தான் நடக்கிறது. என் ஆங்கிலம் சுமார். ஆரம்பத்தில் ஒரு பதில் எழுத ஒரு மணி நேரம் ஆகும். யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. கேட்டதற்கு நேராகப் பதில் சொல்லியிருக்கிறேனா என்பதை மட்டும்தான் பார்த்தார்கள். தயங்கி நிற்கும் நம் ஆட்கள் நிறையப் பேர் இருப்பார்கள் என்பதால் சொல்கிறேன்.

போன மாதம் எனக்கு முதல் வழு அறிக்கை வந்தது. எங்கோ இருக்கும் ஒருவர், நான் எழுதிய கையேட்டுப் பக்கத்தில் ஒரு தேர்வுக்குறியின் விளக்கம் தலைகீழாக இருக்கிறது என்று சொல்லியிருந்தார். பார்த்தேன், அவர் சொன்னது சரி. 'மாறியவற்றைக் காட்டும்' என்று இருக்க வேண்டிய இடத்தில் 'மாறாதவற்றை' என்று எழுதியிருந்தேன். அந்தப் பக்கத்தை நம்பி யாராவது பேக்கப் சரியாக இருக்கிறது என்று முடிவு கட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அன்று இரவு தூக்கம் வரவில்லை. மறுநாள் காலையிலேயே திருத்தி, அறிக்கை எண்ணைச் சேஞ்ச்லாக்கில் எழுதி, சுத்தமான சூழலில் கட்டி, மென்டர்ஸில் ஏற்றினேன். அதே ஸ்பான்சர்தான் எடுத்தார். இந்த முறை அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: இதே தவறு நிரலின் உதவிச் செய்தியிலும் இருக்கிறதா?

இருந்தது.